சொல்லிவிட்டுப் போனவர்கள்

ஜனவரி 11

என் செல்லக் குட்டிக்கு,

முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ ஒரு கையால் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே "ம்... ம்..." என்கிறாய். கடிதம் என்றால் உட்கார்ந்துதான் படித்தாக வேண்டும். பதிலும் இதேபோல் வரவேண்டும், சொல்லிவிட்டேன்.

ரிட்டயர் ஆகி எட்டு மாதம் ஆகிறது. முப்பத்து மூன்று வருடம் வார்டில் ஓடியாடிய கால், அப்பாவும் இல்லாத வீட்டில் இருக்கமாட்டேன் என்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பச்சைக் கேட் போட்ட பெண்பிள்ளைகள் இல்லம் இருக்கிறதே, அங்கே போக ஆரம்பித்திருக்கிறேன். நாற்பத்திரண்டு பெண்பிள்ளைகள். அதை நடத்தும் செயலாளர் அம்மா எங்கள் ஆஸ்பத்திரியில் மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர். "சிஸ்டர், உதவி செய்யறோம்னு வர்றவங்களுக்குக் குறைச்சலே இல்ல. வர்றவங்களை என்ன பண்றதுன்னுதான் தெரியல. நீங்க கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் கொடுங்களேன்" என்றார். ஜூலையில் உன்னிடம் வந்துவிடப் போகிறேன், அதுவரை பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமையே தலை சுற்றிவிட்டது. ஒரே நாளில் பதினேழு பேர். ஒரே பிள்ளைக்கு இரண்டு பேர் அடுத்தடுத்து ஆறாம் வாய்ப்பாடு நடத்துகிறார்கள். அதுவும் நல்ல பிள்ளை, இரண்டாம் தடவையும் தெரியாதது போலவே உட்கார்ந்திருந்தது. ஏதோ கம்பெனி ஆட்கள் கேக் வெட்டி, பெயர்கூடக் கேட்காமல் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூலையில் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண், பதினேழு வயது இருக்கும், நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவளை எல்லோரும் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைப் பார்த்து, "நீங்க எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். ஜூலை வரைக்கும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

அன்புடன்,
உன் அம்மா


பிப்ரவரி 2

அன்பு அம்மாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு. போதுமா?

ஓய்வெடு என்று சொன்னால் இன்னொரு வார்டைப் பிடித்துக்கொண்டாயா? உன்னைத் திருத்த முடியாது. இருந்தாலும் ஆள் எடுப்பதும் ஆளை நிறுத்தி வைப்பதும்தான் உன் மகளின் பிழைப்பு என்பதால் இலவச ஆலோசனை தருகிறேன். வருகிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளாதே. எந்த நாள் வருவாய், என்ன வேலை செய்வாய், எத்தனை நாளைக்கு என்று முதலில் கேள். ஒரு படிவம் வை. ஒருவருக்கு ஒரு வேலை, அதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு. பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடட்டும். மிச்சம் இருப்பவர்களுக்கு மாதம் ஒரு முறையாவது பெயர் சொல்லி நன்றி சொல்.

உனக்கு நினைவிருக்கிறதா, கல்லூரிக் கடைசி வருடத்தில் நானும் அந்த இல்லத்துக்குப் போனேன். மூன்று மாதம், சனிக்கிழமைதோறும். முதல் நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். பத்து நிமிடம் அளந்துவிட்டேன். வேலையும் கிடைத்தது.

உன் அறை தயார். முழங்காலுக்காக உயரம் குறைந்த கட்டில் வாங்கியிருக்கிறோம். படிக்க வெளிச்சம் போதாது என்று அவர் ஒரு விளக்கு மாட்டினார், கோணலாக. நீ வந்து திட்டினால்தான் சரிசெய்வாராம். ஜூலை 19 விமானச் சீட்டை வாசல் அலமாரியில் வைத்திருக்கிறாயா? எங்காவது மசாலா டப்பாவுக்குள் போட்டுவிடாதே.

உன் குட்டி


மார்ச் 9

செல்லக் குட்டிக்கு,

நீ சொன்னபடியே படிவம் வைத்தேன். குறைந்தது ஒரு வருடம் என்று போட்டேன். நீ சொன்னபடியே ஓடினார்கள். பட்டியலில் அறுபது பேர் இருந்தார்கள், இப்போது பத்தொன்பது. செயலாளர் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு மாதம் போகட்டும், பிறகு பேசுவோம் என்றேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் விசாரித்தேன். தனியாக யாரும் எந்தப் பிள்ளையோடும் இருக்கக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அதற்கும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். போனது நல்லது.

இருக்கிற பத்தொன்பதும் தங்கம். தையல்காரம்மா புதன்கிழமை வந்து பெரிய பிள்ளைகளுக்கு மெஷின் பழுது பார்க்கக் கற்றுத்தருகிறார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், படிவம் நிரப்புவது, வரிசையில் நிற்பது, அதிகாரியிடம் பயப்படாமல் பேசுவது என்று பாடம் நடத்துகிறார். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்?

என் பங்குக்கு வார்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தேன். டியூட்டி மாறும்போது நாங்கள் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்றுதான் ஒப்படைப்போம். இவருக்கு இந்த மருந்து, இவருக்குக் கால் வலி, இவரிடம் மகனுக்குப் போன் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன் என்று ஒன்றுவிடாமல். பிறகு நோயாளியிடமே, "நான் போறேன், இனிமே இவங்க பார்த்துப்பாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வோம். இங்கேயும் ஒப்படைப்பு நோட்டு வைத்துவிட்டேன். பிள்ளையிடம் எதைக் கவனித்தாய், என்ன சொன்னாய், எழுது. வருவதை நிறுத்துகிறாயா, வந்து நேரில் சொல். "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. "போறேன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

தையல்காரம்மா பொரிந்து தள்ளிவிட்டார். "என் வாயில வராதும்மா அந்த வார்த்தை! கிளம்பும்போது யாராவது போறேன்னு சொல்வாங்களா? நல்லா இருக்கா?" என்றார். எல்லோரும் அவர் பக்கம்தான். அப்போது கணக்குப்பிள்ளை மூலையிலிருந்து, "போயிட்டு வரேன்னு சொன்னவங்கதான் ஆன்ட்டி யாருமே வரல" என்றாள்.

அன்று மாலை தன் நோட்டைக் கொஞ்ச நேரம் என் கையில் கொடுத்தாள். நடுவில் திறந்து இரண்டு பக்கம் பார்த்தேன். நான்கு கட்டம். வந்தவர், முதல் நாள், என்ன செய்வதாகச் சொன்னார், சொல்லிவிட்டுப் போனாரா. எட்டு வருடமாக எழுதுகிறாளாம். நூற்றுப் பதினெட்டுப் பேர். கடைசிக் கட்டம் நிரம்பியிருப்பது நான்கு பேருக்குத்தான் என்றாள்.

உன் அம்மா


மார்ச் 28

அம்மா,

ஒப்படைப்பு நோட்டைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் சொன்னேன். உன் அம்மாவை வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பெருமையாக இருந்தது.

எட்டு வருடம் என்றால் நான் வந்தபோதும் அந்தப் பெண் அங்கே இருந்திருப்பாள். சின்னவள் ஒருத்தி எப்போதும் என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்காருவாள். அவளாக இருக்குமோ? எனக்குப் பெயர் நினைவில்லை. விசாரித்ததாகச் சொல்.

உன் குட்டி


ஏப்ரல் 14

குட்டி,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த நோட்டில் இருக்கும் பழைய வாக்குகளில் இன்னும் செய்து முடிக்கக்கூடியவை ஏதாவது இருக்குமா பார்க்கலாம் என்று நானும் அவளும் உட்கார்ந்தோம். யாரோ ஊஞ்சல் கயிறு மாற்றித் தருவதாக ஐந்து வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார்கள். தபால்காரர் ஒரே காலையில் மாற்றிவிட்டார். அப்படி ஒன்பது முடித்தோம். பின்னாலிருந்து முன்னால் போய்க்கொண்டிருந்தோம். நேற்று முதல் பக்கத்துக்கு வந்தோம். முதல் வரி.

வந்தவர்: கண்ணாடி அக்கா. என்ன சொன்னார்: சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கடைசிக் கட்டம் காலி.

யார் இது என்று கேட்டேன். "அப்ப எனக்கு ஒன்பது வயசு. போர்டு தெரியலன்னு சொன்னேன். அக்கா அவங்க கண்ணாடியக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாங்க. எதிர்ல ஒரு மரம். அதுல இலையெல்லாம் தனித்தனியா இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரியும்" என்றாள். சனிக்கிழமை நல்ல கவுன் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றிருக்கிறாள். அதற்கடுத்த சனிக்கிழமையும். அந்த நோட்டு ஆரம்பித்ததே அந்த வாரம்தான்.

வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "அக்கா கூட்டிட்டுப் போறேன்னாங்களே. நான் வேற யாரோடயாவது போயிட்டா, அவங்க வந்து ஏமாந்துடுவாங்கல்ல?" என்றாள்.

இரண்டு வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள் குட்டி. ஒரு வகுப்பில் தவறியிருக்கிறாள். பிறகு பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இடது கண் கண்ணாடி போட்டும் தெளியவில்லை. இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தேறியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அது சரிதான் என்று எனக்கும் தெரியும்.

பீரோவிலிருந்து பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து அந்த மாதத்துப் பக்கத்தைப் பார்த்தேன். வால் நீண்ட உன் கையெழுத்து. வியாழக்கிழமை உனக்கு வேலை உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை ரயில் ஏற்றிவிட்டோம். உன் துணியெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியது நான்தான். சனிக்கிழமை யாராவது உனக்காகக் காத்திருப்பார்களா என்று நானும் கேட்கவில்லை.

நீ என் மகள் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ அவளுக்கு எழுத வேண்டும்.

அம்மா


மே 3

அம்மாவுக்கு,

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ரயிலில் அவளை நினைத்தேன். போய்ச் சேர்ந்ததும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று போயிற்று. அப்புறம் எழுத வெட்கமாக இருந்தது. அப்புறம் மறந்தேபோனேன். பெயர் நினைவில்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய் இல்லை. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. அவளோடு இருந்த அந்த மூன்று மாதத்தை விற்றுத்தான் நான் வேலை வாங்கியிருக்கிறேன்.

ஆனால் நீ என்னை விசாரிக்கிறாயே, உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். சொல்லாமல் போவதை எனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

மத்தியான டியூட்டி நாட்களில் என்னைப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுப்பாய். நான் தூங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போவாய். தெரு முனையில் நின்றுதான் காலில் போடுவாய். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? ஒரு நாள் நான் தூங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து வயது. அதற்குப் பிறகு பல நாள் தூங்குவது போல் நடித்தேன். நான் விழித்திருந்தால் நீ போவதற்குக் கஷ்டப்படுவாய் என்று நடித்தேன். நீ போனதும் எழுந்து தேடுவேன். போய்விட்டாய் என்று தெரிந்தும் தேடுவேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், குளியலறையில். அப்பா, "அம்மா இதோ வந்துடுவா" என்பார். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருவாய்.

ஊரில் எல்லோருக்கும் படிவம் வைத்திருக்கிறாய். எனக்கு எதை வைத்திருந்தாய்?

மகள்


மே 20

என் குட்டிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். செருப்புப் பற்றி எழுதிய இடம் வந்தால் நிறுத்திவிடுகிறேன்.

நீ தூங்கவில்லை என்பது இத்தனை வருடம் கழித்து எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீ அழக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. உன் அழுகையைக் கேட்டால் எனக்குக் கால் நகராது. இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் உன் அழுகை எனக்குக் கேட்காத மாதிரிப் பார்த்துக்கொண்டேன். அழுவதற்கு நீ இருந்தாய், கேட்பதற்கு நான் இல்லை.

முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு நோயாளியிடம்கூட நான் சொல்லாமல் கிளம்பியதில்லை. நினைவு தப்பிக் கிடந்தவர்களிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனேன். பெற்ற பிள்ளையிடம் மட்டும் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தப்பு செய்துவிட்டேன் குட்டி. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். இன்றைக்கே மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

ஆனால் ஒன்று. நான் உனக்குச் செய்தது நானும் நீயும் தீர்த்துக்கொள்ள வேண்டியது. அதை அந்தப் பெண்ணின் முன்னால் கொண்டுபோய் வைக்காதே. அவள் கேட்டில் நின்றது என்னால் இல்லை.

அம்மா


ஜூன் 10

அம்மா,

உள்ளே இன்னொரு கவர் இருக்கிறது. அவளுக்கு. ஒட்டிவிட்டேன், நீ படிக்க வேண்டாம். வேலை, ரயில், அவசரம் என்று காரணம் எதுவும் எழுதவில்லை. காரணம் சொன்னால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அவள் அப்படிப்பட்டவள் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது.

நீ யாருடைய அம்மா என்று சொல்லிவிட்டுக் கொடு. அதையும் மறைத்துவிட்டு என் கடிதத்தை நீட்டாதே.

உன் மேல் கோபம் குறையவில்லை. ஆனாலும் கட்டிலுக்கு மெத்தை வந்துவிட்டது. ஜூலைக்குள் கோபமும் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன்.

குட்டி


ஜூன் 27

செல்லக் குட்டிக்கு,

கொடுத்துவிட்டேன். முதலில் சொன்னேன், பிறகு கொடுத்தேன். "கண்ணாடி அக்கா என் மகள்" என்றேன். "அதான் அன்னிக்கு நோட்டை மூடிட்டு எழுந்து போனீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கவரை எடுத்துக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. சின்னவள் ஒருத்தி ஊஞ்சலுக்குக் கூப்பிட்டதற்கு, "அப்புறம் வரேன்" என்றாள். திரும்பி வந்து நோட்டை எடுத்து, முதல் பக்கம், முதல் வரி, கடைசிக் கட்டத்தில் தேதி போட்டாள். பக்கத்தில் "எட்டு வருஷம் கழிச்சு" என்று எழுதினாள். அதை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று எனக்கு இருந்தது. ஆனால் அது அவள் நோட்டு.

"அக்காவுக்குப் பதில் எழுதணுமா?" என்றாள். உன் இஷ்டம் என்றேன். "இப்ப வேணாம். நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேட்டதா சொல்லுங்க." சொல்லிவிட்டேன்.

பிறகு படிவக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பத்தொன்பது. இன்னொரு முறை புரட்டினாள். "எல்லாருக்கும் ஒரு வருஷம்னு போட்டீங்களே சிஸ்டரம்மா, உங்க ஃபார்ம் எங்க?" என்றாள்.

இல்லை குட்டி. நான் நிரப்பவே இல்லை. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவள், எனக்கு ஒரு தாளை எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்தில் கிளம்புகிறவள்தானே என்று இருந்துவிட்டேன். ஆறு மாதத்தில் கிளம்புகிறவர்களைத்தான் நான் வேண்டாம் என்று அனுப்பினேன்.

வருகிற மார்ச்சில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது, இல்லத்தை விட்டுப் போக வேண்டும். தையல்காரம்மா என் பொறுப்பை ஏற்கச் சம்மதித்திருக்கிறார், ஆனால் அவருக்குப் பழக இன்னும் சில மாதம் வேண்டும். இப்போது நான் போனால் அந்தப் பத்தொன்பது பேரும் பழையபடி சிதறிவிடுவார்கள்.

இதை உன்னிடம் அனுமதி கேட்பது போல எழுதிப் பாசாங்கு செய்யமாட்டேன். முடிவு செய்துவிட்டேன். ஆனால் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உனக்கு எழுதிவிட்டுத்தான் போடுவது என்று வைத்திருக்கிறேன். செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, உன் முன்னால் நின்று சொல்கிறேன். ஜூலை 19 நான் வரவில்லை. மார்ச் 31 வரை இங்கே இருக்கிறேன். நீ அழுதால் அழு, திட்டினால் திட்டு. இந்தத் தடவை நான் கேட்கிற தூரத்தில் இருக்கிறேன்.

உன் அம்மா


ஜூலை 19

அன்பு அம்மாவுக்கு,

காலையில் அலாரம் அடித்தது. உன் விமானம் வந்து இறங்கும் நேரத்துக்கு முன்பே வைத்திருந்தது, எடுக்க மறந்துவிட்டேன். எழுந்து கார் சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவர் கோணலாக மாட்டிய விளக்கைத் தானாகவே நேராக்கிவிட்டார் என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும் பார்த்துக்கொள். மறுபடியும் என்னை விட்டுவிட்டு இன்னொரு வார்டுக்குப் போய்விட்டாய் என்றுதான் தோன்றியது. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

இன்று உன் கட்டிலில் உட்கார்ந்து நிறைய அழுதேன். அழுது முடித்த பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே மத்தியானம். சனிக்கிழமை. நீ பச்சைக் கேட்டுக்குள்ளே, திறந்த கதவு பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒப்படைப்பு நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருப்பாய். அவள் மூலையில் இருப்பாள். எல்லாம் எனக்குத் தெரிந்தது.

கையெழுத்துப் போட்டுவிடு. மார்ச் 31 ஆனதும் அவளிடம் போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. கட்டிலை மடக்கவில்லை.

அழுதேன் அம்மா. ஆனால் தேடவில்லை.

உன் குட்டி